கணக்கில் வராத ராஜா

இசக்கியப்பன் வீட்டு பிரிட்ஜைத் திறந்தால் ஜில்லென்ற தண்ணீர் கிடைக்காது. உள்ளே ஒரு ராஜாவின் கிரீடம் உட்கார்ந்திருக்கும். முட்டை வைக்கும் குழிகளில் கண்ணாடி முத்துமாலையும் காதுக் கடுக்கனும், காய்கறிப் பெட்டியில் சரிகை வைத்த நீல அங்கி, கதவின் பாட்டில் தட்டில் அட்டைக் கத்தி. மோட்டார் செத்துச் சில தீபாவளிகள் போய்விட்டன. வீட்டில் எலி நுழைய முடியாத பெட்டி அது ஒன்றுதான் என்பதால் அவர் மனைவி செல்வலட்சுமி அதை அரண்மனைக் கருவூலமாக்கிவிட்டாள்.

ஒரு காலத்தில் குலசேகரன்பட்டினம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இசக்கியப்பனுக்குக் கருப்பட்டிக் கடை இருந்தது. அவர் கடைச் சில்லுக்கருப்பட்டியை ஒருவன் கடித்தால் அந்தச் சத்தத்துக்கு மணப்பாட்டுக் கலங்கரை விளக்கம் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்க்குமாம். திருச்செந்தூர் பேருந்து ஓட்டுநர்கள் அவர் கடைச் சுக்குக் காப்பியின் மணத்தைப் பிடித்துக்கொண்டே மழைக்காலத்தில் வழி கண்டு வந்தார்களாம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்; கடை நன்றாக ஓடியது என்பதை மட்டும் நம்பினால் போதும். அந்த ஓட்டத்தில்தான் காங்கிரீட் வீடு, வழுவழுப்பான தரை, டிவி, பிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் எல்லாம் வந்தன. மகள் உமாராணியை ஏரலில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

அப்புறம் கட்டடத்துக்காரர் கட்டடத்தை இடித்தார். புதிய இடம் கைக்கு எட்டவில்லை. அலைந்த அலைச்சலில் ஒரு நாள் காலை இசக்கியப்பனின் இடது கை எழுந்திருக்க மறுத்தது. வைத்தியத்தில் கை பாதி திரும்பியது, தொழில் திரும்பவில்லை. மூட்டை தூக்க முடியாத கையை எந்தக் கடையும் வேலைக்கு வைத்துக்கொள்ளாது. வீடு மட்டும் தெருவைப் பார்த்து நின்றுகொண்டு பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தது.

ரேஷன் அரிசி வாங்கலாமே என்று கேட்பீர்கள். "எங்களுக்கு எதுக்குவே ரேஷன் அரிசி?" என்று நல்ல காலத்தில் அரிசி கிடைக்காத சர்க்கரை அட்டை வாங்கியவர் அவர். அதை மாற்ற எழுதிக் கொடுத்தால் விசாரிக்க ஆள் வரும். வருகிறவர் தெருவில்தான் விசாரிப்பார். தெருவில் விசாரித்தால் அந்தப் பேச்சு மறுநாளே பேருந்து ஏறி ஏரலில் இறங்கும். மகளிடம் அவர் சொல்லி வைத்திருந்தது, "கடைய மூடிட்டு ஓய்வா இருக்கேன்" என்பது. சம்பந்தி வீட்டில் அதை நம்பி மரியாதையாக வைத்திருந்தார்கள்.

செல்வலட்சுமிக்குச் சர்க்கரை வியாதி. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் கண் இருட்டும். மாத்திரையை விட்டால் கால் மரத்துப் போகும். அதனால் அந்த வீட்டில் ஒவ்வொரு மத்தியானமும் ஒரே கேள்விதான்: மாத்திரைக்கு முன்னால் அவள் வயிற்றில் எதைப் போடுவது?

குலசேகரன்பட்டினம் என்கிற குலசையின் தசராவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கையில் காப்புக் கட்டி, ஆளுக்கொரு வேடம் போட்டு, வீடு வீடாகப் போய் அம்மன் பேரில் தர்மம் எடுப்பார்கள். எடுத்ததை அம்மன் சன்னிதியில் சேர்க்க வேண்டும். அந்த நாட்களில் ஊரில் மனிதரைவிடக் குரங்கு அதிகம், குரங்கைவிடக் காளி அதிகம், காளியைவிடப் போலீஸ் அதிகம். ஒரு வருஷம் பந்தோபஸ்துக்கு வந்த நிஜப் போலீஸ்காரர் கையில் பெண்கள் காணிக்கையைத் திணித்துவிட்டு, "வேசம் அம்சமா இருக்குய்யா" என்று திருநீறு கேட்டார்கள். அவரும் வேறு வழியில்லாமல் பூசிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. ஊரில் பெரிய ஜவுளிக்கடைக்காரர் தங்கதுரை வருஷாவருஷம் பிச்சைக்கார வேடம் போடுவார். கிழிசல் சட்டை, கரி பூசிய முகம், நசுங்கிய தட்டு. செல்வம் வந்த கர்வம் கரைவதற்காக அந்த நேர்ச்சை. கையில் ஒன்றும் இல்லாத இசக்கியப்பனோ ராஜா வேடம். உமாராணி பிறந்தபோது நேர்ந்துகொண்ட வேடம் அது. கிரீடம் அன்றிலிருந்தே வீட்டில் இருக்கிறது. "பிச்சைக்கார வேசம் போட்டா எனக்கு வேசம் போட்ட மாதிரியே இருக்காது" என்று மனைவியிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கடை போன பிறகு வந்த முதல் தசராவில் சிலர் அவர் தட்டில் காசு போட்டார்கள், சிலர் பையில் அரிசி போட்டார்கள். பையோடு வீட்டுக்கு வந்தவர் அடுப்படியைப் பார்த்தார். செல்வலட்சுமி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ராஜா கிரீடத்தைக் கழற்றினார். பையை இரண்டாகப் பிரித்தார்.

"அம்மன் அரிசில்லா?" என்றாள் அவள்.

"அம்மனும் நம்ம வீட்டுல ஒரு வாய் சாப்பிடட்டும்ளா. எத்தனை நாளைக்குத்தான் கோயில் சோத்தையே திம்பா?"

சொல்லிவிட்டாரே தவிர அன்று அவர் அம்மன் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வந்த தசராக்களிலும் பை இரண்டாகப் பிரிந்தது. வருஷத்தில் அந்தக் கொஞ்ச நாள்தான் அவர் வெட்கப்படாமல் கை நீட்டக்கூடிய நாள். வேடத்தைப் பார்த்து எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போட்டார்கள்.

அப்படி ஒரு தசராவுக்குள்தான் ரம்யா வந்து சேர்ந்தாள். தூத்துக்குடிப் பெண். சமூகவியல் படித்துவிட்டு, மாவட்ட மக்களின் நல்வாழ்வை அளக்கும் கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வருமானத்தை மட்டும் கேட்டால் மனிதன் எப்படி வாழ்கிறான் என்பது தெரியாது. கூரை, கழிப்பறை, படிப்பு, நோய், பசி, அக்கம்பக்கத்தார் மேல் நம்பிக்கை என்று பலதையும் கேட்டு, எந்த ஊருக்கு எது தேவை என்று தீர்மானிப்பது அந்தக் கணக்கின் நோக்கம். நல்ல நோக்கம்தான். எல்லா வீட்டிலும் கேட்க முடியாது என்பதால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகளைக் கணினி பொறுக்கிக் கொடுத்தது. பொறுக்கிய ஒரு வீடு சுற்றியிருக்கும் நூறு வீட்டுக்குச் சாட்சி.

முதலில் தங்கதுரை வீடு. கரி முகத்தோடு ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார்.

"கடந்த முப்பது நாளில் உங்க வீட்டுல யாராவது பிறரிடம் யாசித்து உண்டதுண்டா?" என்று கைக்கணினியைப் பார்த்து வாசித்தாள் ரம்யா.

"ஆமா. தினம் பிச்சைதான் எடுக்கேன். நேத்து ஒரு வீட்டுல பழைய சோறும் துவையலும் போட்டாவ. தேவாமிர்தம்!"

"அண்ணாச்சி, அது நேர்ச்சைக்கு. இது நிஜமாவே வழியில்லாதவங்களுக்கான கேள்வி. இல்லைன்னு போட்டுக்கிடட்டுமா?"

தங்கதுரை ஊஞ்சலை நிறுத்தினார். "காப்புக் கட்டின கையோட என்னையப் பொய் சொல்லச் சொல்லுதியா? எடுத்தமா, எடுத்தோம். உண்டமா, உண்டோம். ஆமான்னு போடு."

காப்புக் கட்டியவர்கள் பொய் சொல்லக்கூடாது. அது ஊருக்கே தெரிந்த விதி. காளி ஆமென்றாள், அனுமார் ஆமென்றார், போலீஸ் இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்து ஆமென்றார். ரம்யாவுக்கும் தசரா தெரியாததல்ல. ஆனால் கைக்கணினியில் இரண்டு கட்டம்தான், ஆம், இல்லை. சொன்னதைப் போடு, நீயாக மாற்றாதே என்பது பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்ன பாடம். குறிப்பு எழுத ஒரு இடம் இருந்தது. எழுதினாள். படிக்க ஆள் இல்லை.

இசக்கியப்பன் வீட்டுக்கு வந்தபோது ராஜா அப்போதுதான் தர்மம் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கூரை?"

"காங்கிரீட்."

"பிரிட்ஜ் இருக்கா?"

"இருக்கு."

அது ஓடுகிறதா என்று கேள்வி இல்லை. டிவி இருந்தது, மோட்டார் சைக்கிள் இருந்தது. எல்லாவற்றுக்கும் அவர் உண்மையே சொன்னார்.

"பத்துப் படி ஏணி ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கிடுங்க. உச்சிப்படி ரொம்ப நல்ல வாழ்க்கை. நீங்க எந்தப் படில நிக்கீய?"

"ராஜாவுக்கு எதுக்கு ஏணி தாயி? நான் மாடத்துல நிக்கேன்."

"அண்ணாச்சி, ஒரு எண் சொல்லணும்."

அவர் காப்பைப் பார்த்தார். "ரெண்டுன்னு போடு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. அவள் போட்டாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. யாசித்து உண்டதுண்டா?

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். இப்போது கையில் காப்பு இருந்தது, தலையில் கிரீடம் இருந்தது. உள்ளே செல்வலட்சுமி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஆமாம்மா," என்றார். "எடுத்தேன். நானும் அவளும் சாப்பிட்டோம்."

தெருவெல்லாம் இதே பதிலைக் கேட்டுச் சலித்திருந்த ரம்யா தலை நிமிராமல் ஆம் என்ற கட்டத்தைத் தொட்டாள். தண்ணீர் குடித்தாள். போய்விட்டாள். இசக்கியப்பன் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலவும் இருந்தது, இறக்கி வைத்ததை யாரும் பார்க்கவில்லை என்பது போலவும் இருந்தது.

கணக்கு முடிந்து வரைபடம் வந்தது. மாவட்டத்தில் எந்த ஊருக்கும் இல்லாத அடர்சிவப்பு குலசேகரன்பட்டினத்துக்கு. பஞ்ச காலத்தில்கூட இவ்வளவு பேர் பிச்சை எடுத்ததில்லை என்று மேலே பதறிப் போனார்கள். தை மாதம் கடற்கரைச் சாலையில் ஒரு மண்டபத்தை எடுத்து மதிய உணவுக்கூடம் திறந்தார்கள். பெயர் கேட்பதில்லை, அட்டை கேட்பதில்லை, பசித்தவர் வரலாம்.

ஊர்க்காரர்கள் முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், சாம்பாரைக் குறை சொன்னார்கள், போய்விட்டார்கள். தொடர்ந்து வந்தவர்கள் சில கிழவிகள், வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், தனியாக இருக்கும் ஒரு தையற்காரர். அவர்களோடு, அடுக்குப் பாத்திரம் ஒன்றைக் கையில் ஏந்தி, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், இசக்கியப்பன்.

அவர் சாப்பிட வரவில்லை. மேற்பார்வை பார்க்க வந்தார். சமையற்காரர் ஞானையாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஊர்ப் பொதுக்காரியம். சமையல் சரியா இருக்கான்னு ஒருத்தன் பாக்கணும்லா. நாந்தான் பாக்கேன்."

ஞானையா நெருப்புக்கு முன்னால் நின்றே தலை நரைத்தவர். சோற்றைப் பார்க்கும் கண்ணை வைத்தே ஆளைப் படித்துவிடுவார். "வாங்க ஆபீசர், வாங்க," என்று இலை போட்டார். இசக்கியப்பன் ஒவ்வொரு கவளத்துக்கும் யோசனையோடு தலையாட்டினார். "காயம் தூக்கல். சோறு ஒரு கொதி முந்தி இறக்கிருக்கணும்." முடிந்ததும் பாத்திரத்தை நீட்டினார். "வீட்டுல அவகிட்டயும் ஒரு அபிப்பிராயம் கேக்கணும். பொம்பளையளுக்குத்தான் ருசி தெரியும்."

"அம்மா அபிப்பிராயத்துக்கு ரெண்டு கரண்டி கூடவே வைக்கேன்," என்பார் ஞானையா. "அப்பளம் உடையாம கொண்டு போங்க, ரிப்போர்ட்டு கெட்டுரும்."

அந்த மாதங்களில் செல்வலட்சுமி வேளைக்கு மாத்திரை போட்டாள். கால் மரப்பது குறைந்தது. கொல்லையில் கீரை விதைத்தாள். ஏரலிலிருந்து வந்த உமாராணி, "அம்மா மொகம் தெளிஞ்சிருக்கே" என்றுவிட்டுப் போனாள்.

சிவப்பு நிறம் தங்கதுரைக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் மகனுக்குப் பெண் பார்த்த வீட்டில் செய்தித்தாளைக் காட்டி, "உங்க ஊருல பாதிப் பேர் பிச்சை எடுக்காவளாமே?" என்று கேட்டுவிட்டார்கள். ஊர்க் கடைக்காரர்களைச் சேர்த்து மனுக் கொடுத்தார். எண்ணிக்கையைப் பார்த்து ஏற்கெனவே புருவம் நெரித்துக்கொண்டிருந்த மேலதிகாரி பிரைட்டன், ஆடிக் காற்று மணலை வாரி அடித்த ஒரு நாளில், ரம்யாவைக் கூட்டிக்கொண்டு அதே வீடுகளுக்கு மறுவிசாரணைக்கு வந்தார். இந்த முறை கைக்கணினியில் ஒரு கேள்வி கூடியிருந்தது: யாசித்தது எதற்காக? நேர்ச்சைக்கா, பிழைப்புக்கா?

பிரைட்டன் கெட்டவர் அல்ல. "தப்பான எண் மேல ஒரு அடுப்பு எரிஞ்சா, எங்கயோ நிஜமா பசிச்சவன் அடுப்பு அணையுதுன்னு அர்த்தம்" என்று வண்டியில் வரும்போது ரம்யாவிடம் சொன்னார். அதில் தப்பும் இல்லை.

தங்கதுரை வீட்டில் நேர்ச்சை. காளி வீட்டில், அதாவது மின்சாதனக் கடைக்காரர் வீட்டில், நேர்ச்சை. அனுமார் தம் அடுக்குமாடியின் மேல்தளத்திலிருந்தே நேர்ச்சை என்று கத்தினார். ஒவ்வொரு வீட்டிலும் சிரிப்பு கூடிக்கொண்டே வந்தது. ஆளும் கூடிக்கொண்டே வந்தது. இசக்கியப்பன் வீட்டு வாசலில் அது ஒரு சிறு ஊர்வலமாக நின்றது, தங்கதுரை முன்னால்.

ரம்யா கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் எல்லாரும் வெளிய நில்லுங்க. தனியா கேக்கணும்," என்றாள்.

"நம்ம ராஜாகிட்ட என்ன ரகசியம்?" என்று தங்கதுரை உள்ளே வந்து உட்கார்ந்தார். "இத்தனை வருசமா எங்க தசராக் குழுவுல தர்மம் எடுக்காரு. அம்மன்கிட்ட எங்க கூடத்தான் கொண்டு வந்து சேக்காரு. கேளும்மா, கேளு."

கேட்டாள்.

இசக்கியப்பன் கை தானாக வலது மணிக்கட்டைத் தடவியது. காப்பு இல்லை. ஆடி மாதத்தில் எங்கே இருக்கும்? எதிரே தங்கதுரை. பிழைப்புக்கு என்று ஒரு சொல் சொன்னால், ஏழ்மை வெளியே வருவதோடு நிற்காது. அம்மனுக்கு என்று கும்பிட்டுப் போட்ட அரிசியை வீட்டுப் பானையில் போட்டவன் என்பதும் சேர்ந்து வரும். குழு அவரைச் சேர்க்காது. ஊர் அவர் வாசலைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்க்கும். ஏரலில் உமாராணி மாமியார் முன்னால் தலை குனிந்து நிற்பாள். உள்கதவருகே செல்வலட்சுமி நின்றிருந்தாள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"நேர்ச்சைதான்," என்றார்.

பிரைட்டன் தலையாட்டினார். ரம்யாவின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. போன முறை தலை நிமிராமல் கேட்டதற்குச் சேர்த்து இந்த முறை அவர் முகத்தையே பார்த்தாள். "அண்ணாச்சி, ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்களும் அம்மாவும் சாப்பிட்டதா சொன்னீங்க. ஏணில ரெண்டாம் படின்னும் சொன்னீங்க."



"ராஜா எதுக்கு தாயி வயித்துக்கு எடுக்கப் போறான்?" என்றார் இசக்கியப்பன், பழைய கடைக்குரலில். "ரெண்டாம் படின்னு சொன்னது, முட்டுவலி! அதுக்கு மேல ஏற முடியல."

வீடே குலுங்கச் சிரித்தது. தங்கதுரை தொடையில் தட்டிக்கொண்டார். பிரைட்டன்கூடச் சிரித்துவிட்டார். ரம்யா நேர்ச்சை என்ற கட்டத்தைத் தொட்டாள். எல்லாரும் போன பிறகு செல்வலட்சுமி வந்து தண்ணீர்த் தம்ளர்களைப் பொறுக்கினாள். அவரைப் பார்க்கவேயில்லை.

குலசேகரன்பட்டினம் பச்சையானது. ஆவணி பிறக்கும் முன்பே உணவுக்கூடத்தை மூடிவிட்டார்கள். கடைசி நாள் ஞானையா அண்டாக்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். கிழவிகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீடுகளைக் கணினி பொறுக்கவில்லை, அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவுமில்லை. அடுக்குப் பாத்திரத்தோடு வந்து நின்ற இசக்கியப்பனை ஞானையா பார்த்தார்.

"ஆபீசர், உங்க ரிப்போர்ட்ட மேல அனுப்பலியா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். இசக்கியப்பன் பாத்திரத்தின் மூடியைத் திறந்து நீட்டினார்.  ஞானையா மிச்சமிருந்த சோற்றை வழித்துப் பாத்திரத்தை நிரப்பிக் கொடுத்தார். 

புரட்டாசிக்குள் செல்வலட்சுமி படுத்துவிட்டாள். வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை ஒரு நாள் அவளைக் கிணற்றடியில் சாய்த்தது, விழுந்ததில் இடுப்பு முறிந்தது. கீரைப்பாத்தி காய்ந்தது. உமாராணி வந்து இரண்டு வாரம் இருந்தாள். செத்த பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள், மூடினாள். வாங்கி வைக்க முடிந்ததை வாங்கி வைத்துவிட்டு மாமியாருக்குப் பயந்து திரும்பிப் போனாள்.

தசரா வந்தது. இசக்கியப்பன் இந்த முறை கொடியேற்றிய அன்றே முதல் ஆளாகப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"ஏளா, இந்தத் தடவ சொல்லிருவேன். கையில இது இருக்கையில பொய் வராது. தங்கதுரை இருந்தாலும் சரி, ஊரே நின்னாலும் சரி. அந்தப் புள்ள வந்து கேக்கட்டும், வயித்துக்குத்தான்னு சொல்லிருதேன். அம்மன் அரிசியத் தின்னோம்னும் சொல்லிருதேன். அடுப்பு திரும்பப் பத்திக்கிடும்."

அவள் அவர் கையைப் பிடித்தாள், காப்போடு சேர்த்து.

அன்றிலிருந்து ராஜா அதிக தூரம் போகவில்லை. பக்கத்துத் தெருக்களில் மட்டும் தர்மம் எடுத்துவிட்டு ஓடி வந்து, கிரீடத்தோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பையோடு யார் தெருமுனை திரும்பினாலும் எழுந்து நின்றார். ஜோதிடம் பார்ப்பவர் வந்தார், மிக்சி பழுது பார்ப்பவர் வந்தார். பொழுது விழும்போது முகத்துச் சாயம் வியர்வையில் கோடு கோடாக இறங்கும். குழுவில் அவரைத் தேடினார்கள். தங்கதுரை கரி முகத்தோடு வந்து, "என்ன அண்ணாச்சி, அரண்மனைய விட்டு அசைய மாட்டேங்கீய?" என்று கேட்டார். "ஆள் வரணும்," என்றார் இசக்கியப்பன்.

தசராவின் பத்தாம் நாள் சூரசம்ஹாரம். அதற்கு முதல் நாள் பொறுக்க முடியாமல், ரம்யா கொடுத்துவிட்டுப் போயிருந்த எண்ணுக்குப் போன் செய்தார்.

"குலசை ராஜா பேசுதேன் தாயி. கணக்கெடுக்க எப்ப வாரீய?"

அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. "அண்ணாச்சி, இனிமே திருவிழா மாசத்துல யாரும் கணக்கெடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டாங்க. போன வருசம் நடந்த குழப்பத்தால. தை மாசம்தான் வருவோம். ஏன், எதுவும் சொல்லணுமா?"

கொட்டுச் சத்தம் தெருவில் நெருங்கி வந்தது. உள்ளே கட்டிலில் செல்வலட்சுமி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். இசக்கியப்பன் தம் மணிக்கட்டைப் பார்த்தார்.

"தையில கையில காப்பு இருக்காதேம்மா," என்றார்.

அந்தப் பக்கம் அவள் என்னவோ கேட்டாள். கொட்டில் அது கேட்கவில்லை. போனை அணைத்து அங்கிக்குள் போட்டுக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டி, கிரீடத்தை நேராக்கிக்கொண்டு ராஜா எதிர்வீட்டுப் படியேறினார்.

"தர்மம் தாயே!"

எதிர்வீட்டுப் பெண் சொம்பு நிறைய அரிசியோடு ஓடி வந்து, குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பையில் போட்டாள்.